முள்ளழகியின் ஐந்தாம் பாகம்

அல்லிக்குளத்துக் கரையில் முள்ளழகி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். வீரக்கதை எழுதுவதுதான் அவள் வேலை. முதுகிலிருந்து உதிரும் முள்ளை எடுத்துக் கூர் பார்ப்பாள். நாவற்பழச் சாற்றில் தோய்ப்பாள். காய்ந்த தேக்கிலையை முன்னால் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பசியும் தெரியாது, மழையும் தெரியாது.

அவள் எழுதிய கதையின் பெயர் 'மின்னல்குளம்பன்'. அதன் நாயகன் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பான். கொம்புகூடக் கிடையாது. ஆனால் அவன் குளம்பு பட்ட இடமெல்லாம் மின்னல் தெறிக்கும். எரியும் மலைகளைத் தாண்டுவான். மேகத்துக்கு மேலே இருக்கும் ஊருக்குப் படியேறிப் போவான். மலையைத் தலையணையாக வைத்துத் தூங்கும் கல்லரக்கனை எழுப்பி வம்புக்கு இழுப்பான்.

நான்கு பாகங்கள் வந்துவிட்டன. நான்காம் பாகத்தின் கடைசி இலையில் மின்னல்குளம்பன் ஒரு பாறை விளிம்பிலிருந்து தொங்குகிறான். பற்களால் ஒரு வேரைக் கவ்விக்கொண்டு தொங்குகிறான். கல்லரக்கன் குனிந்து, "உன் கடைசி ஆசை என்ன?" என்று கேட்கிறான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் விழுந்துவிடுவான்.

அந்த இடத்தில் 'தொடரும்' என்று எழுதிவிட்டு, முள்ளழகி நாவற்பழம் பொறுக்கப் போய்விட்டாள்.

காட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. தினமும் சாயங்காலம் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் தண்ணீரை மறந்துவிட்டு இதையே பேசினார்கள்.

"சண்டை போதாது" என்றான் கம்பளி என்ற கரடி. "மூணாம் பாகத்துல ஒரு இலை முழுக்க அவன் உட்கார்ந்து யோசிக்கிறான். வீரனுக்கு எதுக்கு யோசனை?"

"அந்த ஒரு இலைதானே அண்ணே அழகு" என்றாள் சிங்காரி என்ற மந்தி, கிளையில் தொங்கியபடியே. "காதலி முகில்மானியை நினைச்சு உருகிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நான் அழுத அழுகையில கையில இருந்த பழம் குளத்துல விழுந்துடுச்சு."

நெடுங்கழுத்தர் என்ற கொக்கு தொண்டையைக் கனைத்தார். காட்டிலேயே அதிகம் படித்தவர் என்று அவர் சொல்லிக்கொள்வார். "அழுகையும் அடிதடியும் இருக்கட்டும். எரிமலைச் சரிவில் புல் முளைக்காது. இவன் அங்கே ஒரு மாதம் நடக்கிறான். எதைத் தின்றான்? இப்படி ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு காவியம் எழுதலாமா?"

"யாரும் கதையைச் சொல்லிடாதீங்க" என்று ஒரு பாறைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அது ஓட்டப்பன் என்ற ஆமை. "நான் இன்னும் முதல் பாகத்துலதான் இருக்கேன்."

"முதல் பாகத்துல மின்னல்குளம்பனோட அப்பா..." என்று ஆரம்பித்தான் கரடி.

ஆமை வெடுக்கென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

இதையெல்லாம் முள்ளழகி ஒரு தாழம்புதருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. காடே கைதட்டினாலும் காதில் விழாது. ஒருவர் முகம் சுளித்தால் போதும், அந்த முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு பாகம், ஒரே ஒரு பாகமாவது எழுதிவிட வேண்டும் என்று அவள் ஏங்கினாள்.

ஐந்தாம் பாகத்தை ஆரம்பித்தாள். கரடிக்காக ஒரு சண்டையைச் சேர்த்தாள். சிங்காரி கோபித்துக்கொள்வாளே என்று சண்டைக்கு நடுவில் ஒரு காதல் பாட்டை வைத்தாள். கொக்கு ஐயா கேட்பாரே என்று பாட்டுக்கு நடுவில் மின்னல்குளம்பனைப் புல் மேயவிட்டாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். அவளுக்கே கொட்டாவி வந்தது. இலையைக் கிழித்துப் போட்டாள்.

இதைத் தூரத்திலிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோணவாயன் என்ற நரி. முன்பு ஒருமுறை முள்ளழகியைக் கவ்வப் பாய்ந்து, தாடையில் முள் ஏறி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டவன். முள்ளம்பன்றிக் கறியின் ருசி எப்படி இருக்கும் என்ற கனவு மட்டும் அவனை விடவில்லை.

'முள் இருக்கிறவரை கிட்டே போக முடியாது. முள்ளை நான் பிடுங்க முடியாது. ஆனால் அவளே பிடுங்கிக் கொடுத்தால்?' என்று நினைத்தான். நினைக்கும்போதே எச்சில் வடிந்தது. கோணல் வாய் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வடிந்தது.

முதலில் கரடியிடம் போனான்.

"கம்பளி அண்ணே, ஒரு சேதி கேள்விப்பட்டேன். அஞ்சாம் பாகத்துல சண்டையே இல்லையாம். சிங்காரி பேச்சைக் கேட்டு முழுக்க முழுக்கக் கல்யாணமாம்."

கரடியின் ரோமம் சிலிர்த்தது. "அடப்பாவமே. என்ன செய்யறது?"

"உங்க யோசனையை நீங்களே எழுதிடுங்களேன். முள்ளழகி நல்லவ. ஒரு முள் கேட்டா இல்லைன்னா சொல்லப்போறா? சண்டை எழுத முதுகு முள்தான் சரி. நல்லா தடிமனா இருக்கும்."

அடுத்து மந்தியிடம் போனான். "சிங்காரி அக்கா, அஞ்சாம் பாகத்துல முகில்மானியைக் கொன்னுடப் போறாங்களாம். கரடி அண்ணன் ஏற்பாடு. நீங்களே ரெண்டு இலை எழுதினா அந்தப் பொண்ணு பிழைக்கும். காதலுக்கு விலா முள் நல்லது. மெல்லிசா இருக்கும்."

கொக்கிடம் போனபோது குரலைத் தாழ்த்திக் கைகட்டி நின்றான். "ஐயா, உங்களை மாதிரி படிச்சவங்க சும்மா இருந்தா பிழை எப்படித் திருந்தும்? வால் முள் உள்ளே குழல் மாதிரி இருக்குமாம். சாறு நிறையப் பிடிக்கும். நீங்க எழுதப்போற அளவுக்கு அதுதான் தாங்கும்."

கொக்கு ஐயா மகிழ்ச்சியில் மற்ற காலையும் தரையில் ஊன்றிவிட்டார்.

மறுநாள் காலையில் முள்ளழகி வளைக்கு வெளியே வந்தபோது மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு முள் கொடு, முள்ளழகி. தொங்குறவன் எப்படித் தப்பிக்கணும்னு நானே எழுதிடறேன்" என்றான் கரடி.

"அக்கா, எனக்கும் ஒண்ணு. நீங்க பாவம், எவ்வளவுதான் எழுதுவீங்க?" என்றாள் மந்தி.

முள்ளழகிக்குத் தலைமேல் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. ஆளுக்கு ஒரு பகுதி எழுதினால் ஒவ்வொருவருக்கும் பிடித்துப்போகுமே. பிறகு யார் முகம் சுளிப்பார்கள்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். சுருக்கென்றது. ஆனால் கரடி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வலி மறந்துபோயிற்று. அடுத்து விலா முள். அடுத்து வால் முள்.

ஒரு முள்ளோடு தீர்ந்திருந்தால் சரி. கரடி சண்டைக் காட்சியை அழுத்தி எழுதி எழுதி முள்ளை முறித்துவிட்டு மறுபடி வந்தான். மந்தி காதோரம் செருகி அழகு பார்த்துத் தொலைத்துவிட்டு மறுபடி வந்தாள். கொக்கு ஐயா வால் முள்ளைக் கொத்துக் கொத்தாகக் கேட்டார். விளக்கக் குறிப்பு ஒன்றுக்கு முள் ஒன்று வேண்டுமாம். செய்தி பரவி, கதையை ஒருநாளும் கேட்டிராத காட்டெருமைகூட வந்து, "எனக்கும் ஒரு கருத்து இருக்கு" என்று நின்றது.

முள்ளழகி எல்லாருக்கும் கொடுத்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். முதுகில் காற்று பட்டு ஜிலுஜிலுவென்று இருந்தது. நடக்கும்போது சலசலவென்று கேட்கும் வால் சத்தம்கூட இல்லை. 'இவ்வளவு பேருக்கு என்மேல் பிரியம்' என்று நினைத்து அவள் பூரித்துப்போனாள்.

எல்லா இலைகளும் வந்து சேர்ந்தன. அவற்றை ஒரு கொடியில் கோத்து, குளக்கரையில் காட்டைக் கூட்டி, கொக்கு ஐயா உரக்கப் படித்தார்.

முதலில் கரடி எழுதியது. மின்னல்குளம்பன் வேரை விட்டுவிட்டுக் கல்லரக்கனின் மூக்கில் குத்தினான். பிறகு கண்ணில் குத்தினான். பிறகு மறுபடி மூக்கில் குத்தினான். இப்படியே போய், நடுவில் காரணமே இல்லாமல் ஒரு பெரிய தேன்கூடு வந்தது. அந்தத் தேன்கூட்டை மட்டும் மிக உருக்கமாக எழுதியிருந்தான்.

அடுத்த இலை மந்தியுடையது. மூக்குடைந்த கல்லரக்கன் திடீரென்று காதலில் விழுந்தான். முகில்மானியின் அத்தை மகள்மேல். ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். பந்தலில் குலை குலையாகப் பழம்.

"நான் கொன்னுபோட்டவனுக்குக் கல்யாணமா?" என்று கரடி எழுந்தான்.

"நீங்க மூக்குலதானே குத்தினீங்க? மூக்குல குத்தினா சாவாங்களா?" என்றாள் மந்தி.

அடுத்தது கொக்கு ஐயாவின் பகுதி. மின்னல்குளம்பன் கவ்வியிருந்தது எந்த மரத்தின் வேர், அந்த மரம் எந்த மண்ணில் வளரும், அந்த மண்ணில் எத்தனை வகைப் புழு கிடைக்கும் என்று இலை இலையாகப் போயிற்று. புழுக்களைப் பற்றிப் படிக்கும்போது ஐயாவுக்கே நா ஊறியது. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

கடைசியாகக் காட்டெருமையின் இலை. அதில், 'எல்லாரும் தண்ணீரில் இறங்கிப் படுத்தார்கள். சுகமாக இருந்தது' என்று மட்டும் இருந்தது.

உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"என் சண்டையைக் கெடுத்தது இந்தக் கல்யாணம்."

"என் கல்யாணத்தைக் கெடுத்தது இந்தப் புழு."

"புழு இல்லாமல் போயிருந்தால் இதில் விஷயமே இருந்திருக்காது."

கத்திக் கத்தித் தொண்டை வற்றியதும், எல்லாரும் முள்ளழகியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ்வளவு மோசமா நீ எழுதினதே இல்லை" என்றான் கரடி.

"நான் எழுதவே இல்லையே" என்றாள் முள்ளழகி.

"அதுதான் தெரியுதே. அக்கறையே இல்லை" என்று சொல்லிவிட்டு மந்தி மரத்தில் ஏறிப் போனாள். கொக்கு பறந்துவிட்டார். கரடி காலை உதைத்துக்கொண்டு புதருக்குள் மறைந்தான். கொஞ்ச நேரத்தில் கரை காலியாயிற்று.

முள்ளழகி தனியே உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இப்போது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"முதுகு குளிருதா, முள்ளழகி?"

திரும்பினாள். கோணவாயன் நின்றான். பழக்க தோஷத்தில் அவள் முதுகைச் சிலிர்த்துக் காட்டினாள். சிலிர்த்துக்கொண்டு எழுந்தது கொஞ்சம் மென்மயிர்தான். வாலை ஆட்டினாள். சத்தமே வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. "முள் கேட்கச் சொல்லி எல்லாரையும் ஏவி விட்டது நீயா?"

"நான் யாரையும் ஏவலை. கருத்துச் சொல்லுங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றான் நரி. ஒரு அடி முன்னால் வைத்தான். பிறகு நின்றான். "சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். ரெண்டாம் பாகம். ஆத்தைத் தாண்டற இடம். கையில சிக்கின ஓநாயை மின்னல்குளம்பன் ஏன் உயிரோட விட்டான்?"

முள்ளழகி திகைத்தாள். "நீ படிச்சிருக்கியா?"

"எல்லாப் பாகமும். ஆமை தூங்கும்போது அவனோட இலைகளை எடுத்துட்டுப் போயிடுவேன். படிச்சு முடிச்சாலும் திருப்பித் தரமாட்டேன். அவன் முதல் பாகத்தைத் தாண்டாததுக்கு வேற என்ன காரணம்னு நினைச்சே? பேச்சை மாத்தாதே. ஓநாயை ஏன் விட்டான்? அந்த இடத்திலேயே கதை எனக்கு வெறுத்துப்போச்சு."

"வெறுத்தும் மூணாம் பாகம் படிச்சியா?"

"கோபத்தோட படிச்சேன். நாலாம் பாகத்தை ரொம்பக் கோபத்தோட படிச்சேன்."

சாவு எதிரில் நிற்கிறது. ஆனாலும் முள்ளழகிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "கதையோட உயிரே அந்த இடம்தான். அவனுக்குப் பயம் இருக்கு, பலம் இருக்கு, ரெண்டையும் மீறி அவன் ஓநாய்மேல இருந்து குளம்பை எடுக்கறான். அது உனக்குப் புரியலையா?"

"புரியறதுக்கு என்ன இருக்கு? தப்பு" என்று நரி கத்தினான்.

அந்தக் கத்தல் குளத்தின் அக்கரையில் பட்டு எதிரொலித்தது. ஒரு மரக்கிளை லேசாக அசைந்தது. முள்ளழகி அதைக் கவனித்தாள். அவளுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஆபத்து என்று கூவினால் இந்தக் காடு ஓடி ஒளியும். ஆனால் மின்னல்குளம்பனைப் பற்றி ஒருவர் தப்பாகப் பேசினால், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா போகிறவர் இங்கே ஒருவரும் இல்லை.

"சரியா காதுல விழலை. சத்தமா சொல்லு" என்றாள். "கரடி அண்ணன் அடிக்கடி சொல்ற அந்தப் பாலத்துச் சண்டை எப்படி?"

"அதுவா? அது சண்டையா? ரெண்டு எறும்பு உரசிக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

புதருக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

"முகில்மானி?"

"வெறும் அழுமூஞ்சி."

உச்சிக்கிளையிலிருந்து சிங்காரி தொப்பென்று குதித்தாள். "யாரைப் பார்த்து அழுமூஞ்சின்னே?"

"பாலத்துச் சண்டையைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?" என்று கரடி புதரைப் பிய்த்துக்கொண்டு வந்தான். கொக்கு ஐயா இறக்கையடித்து இறங்கினார். மூன்று பேரும் நரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காப்பாத்துங்க. இவன் என்னைத் தின்னப்போறான்" என்றாள் முள்ளழகி.

"ஒரு நிமிஷம் இரு" என்றான் கரடி. "முதல்ல இவனுக்குப் பதில் சொல்லிட்டு வர்றேன். அந்தப் பாலம் மூங்கில் பாலம்டா. அதுமேல நின்னு இதைவிடப் பெருசா எப்படிச் சண்டை போடறது?"

"மூங்கில் அந்த உயரத்தில் வளராது" என்றார் கொக்கு.

"நீங்க சும்மா இருங்க ஐயா" என்றார்கள் கரடியும் மந்தியும் நரியும் ஒரே குரலில்.

முள்ளழகி பொறுமை இழந்தாள். முதுகைத் திருப்பிக் காட்டினாள். "என் முதுகைப் பாருங்க. ஒரு முள் இருக்கா? எங்கே போச்சு எல்லாம்? முள் கேளுங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு?"

கரடி அந்த மொட்டை முதுகைப் பார்த்தான். மந்தியும் பார்த்தாள். தாங்கள் கேட்டு வாங்கிய முள் மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாங்கிய இடத்தை இப்போதுதான் பார்த்தார்கள். கரடியின் முகம் தொங்கிப்போயிற்று.

"கோணவாயன் சொன்னான்" என்றான் மெதுவாக.

"என்கிட்டயும் கோணவாயன்" என்றாள் மந்தி.

"என்னிடம் கைகட்டிச் சொன்னான்" என்றார் கொக்கு.

நரி நைசாகப் பின்வாங்கினான். ஆனால் வால் நகரவில்லை. திரும்பிப் பார்த்தான். பாறைக்கு அடியிலிருந்து ஓட்டப்பன் தலையை நீட்டி, வாலைக் கவ்விப் பிடித்திருந்தான். கவ்விய வாயோடே, "என் இழையைத் திழுடினது நீயா?" என்று கேட்டான். ஒருவருக்கும் அது சரியாகப் புரியவில்லை. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தாலே போதும்.

கரடி ஒரே அறைதான் அறைந்தான். கோணவாயன் வாலில் ஆமையோடு குளத்தின் நடுவில் போய் விழுந்தான். ஆமைக்குத் தண்ணீர் சொந்த வீடு. நரிக்கு அப்படி இல்லை. மூழ்கி எழுந்து, கொக்கிடம் கொத்து வாங்கி, மந்தி வீசிய விளாங்காயெல்லாம் தலையில் பட்டு, எப்படியோ அக்கரை ஏறி ஓடினான். மேட்டில் ஏறியதும் திரும்பி, "என்ன இருந்தாலும் அந்த ஓநாயை விட்டது தப்புதான்" என்று கத்திவிட்டு ஓடினான். பிறகு அந்தக் காட்டில் அவனை யாரும் பார்க்கவில்லை.

முள்ளழகிக்குப் புது முள் முளைக்கிறவரை மூவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். காவல் இருக்கிறவர்கள் சும்மாவா இருப்பார்கள்? சண்டை இப்படி வைக்கலாம், காதலை அப்படி வைக்கலாம் என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முள்ளழகி எல்லாவற்றையும் கேட்டாள். "நல்ல யோசனை அண்ணே" என்றாள். "யோசிக்கிறேன் ஐயா" என்றாள். ஆனால் முள் கேட்டு நீட்டிய கைகளுக்கு, சிரித்துக்கொண்டே, "இது என் முதுகு" என்றாள்.

முதல் முள் முளைத்து முற்றியதும் உட்கார்ந்து எழுதினாள். கல்லரக்கன் கடைசி ஆசையைக் கேட்டதும் மின்னல்குளம்பனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வேரைக் கவ்வியபடி சிரிக்க முடியுமா? வாயைத் திறந்து சிரிக்கிறான். விழுகிறான். விழுந்து, கல்லரக்கனின் பாசி பிடித்த தாடிக்குள் சிக்கிக்கொள்கிறான். அங்கிருந்து தாடியைப் பிடித்து ஏறி, அவன் காதுக்குள் போய்ச் சேருகிறான். கதை அங்கிருந்துதான் உண்மையில் கிளம்புகிறது. இதைக் கரடியும் நினைக்கவில்லை, மந்தியும் நினைக்கவில்லை. முந்தின நாள்வரை முள்ளழகியும் நினைக்கவில்லை.

குளக்கரையில் அதைப் படித்தபோது தவளைகூடக் கத்தவில்லை. கொக்கு ஐயா படிப்பதை நிறுத்தி இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் கரடி பெருமூச்சு விட்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சண்டை கொஞ்சம் கம்மி."

"கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா" என்றாள் மந்தி.

"பாசி அந்தத் திசையில் படராது" என்றார் கொக்கு.

முள்ளழகி விழுந்து விழுந்து சிரித்தாள். புது முட்களெல்லாம் குலுங்கிச் சலசலத்தன. சிரித்து முடித்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

யார் சொல்லும் கருத்தையும் காதால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்து எழுதும் முள்ளையே பிடுங்கிக் கொடுப்பவர் தம் கதையையும் இழப்பார், தம் காவலையும் இழப்பார்.